ஆரிஃபிஸ் பிளேட்டும் டி.பி. டிரான்ஸ்மிட்டரும்: குழாய் ஓட்டத்தைச் சரியாக அளக்க முழு வழிகாட்டி

குழாயின் நடுவே துளையிட்ட தகடு ஒன்றை வைத்து, அதன் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். கொள்கை இவ்வளவுதான். ஆனால் தகடு (ஆரிஃபிஸ் பிளேட்), குழாய், அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுபோகும் டியூப், வால்வு, வித்தியாசத்தை அளந்து மின் சிக்னலாக அனுப்பும் டி.பி. டிரான்ஸ்மிட்டர், அந்தச் சிக்னலை வாங்கிக் கணக்கிடும் பி.எல்.சி. கம்ப்யூட்டர் என ஆறு இடங்களிலிருந்து பிழை வரலாம். ஆறுமே கடைசியில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். அதனால் புதிதாக வருபவர்கள் எண் தப்பாக இருந்தால் உடனே டிரான்ஸ்மிட்டரைத் திருத்தப் போய்விடுகிறார்கள். குழாயிலும் டியூபிலும் பிழை இருக்கும்போது டிரான்ஸ்மிட்டரைத் திருத்தினால், ஒரு பிழைக்கு மேல் இன்னொரு பிழை ஏறும். எனவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

மதுரையின் கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் வழக்கமாகப் பார்க்கும் 100 என்.பி. (பெயரளவு உள்விட்டம் 100 மி.மீ.) போர் தண்ணீர் லைன் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். நீராவி லைனுக்கு மாறுபவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழாயின் உண்மையான உள்விட்டம் முதலில் வேண்டும். "நாலு இன்ச் குழாய்" என்பது பெயர்தான். ஷெட்யூல் 40 (குழாய்ச் சுவரின் தடிமனைச் சொல்லும் எண்) என்றால் உள்விட்டம் 102.26 மி.மீ. ஷெட்யூல் 80 என்றால் 97.18 மி.மீ. பெயரை வைத்து 100 மி.மீ. என்று கணக்குப் போட்டால் தொடக்கத்திலேயே பிழை நுழைந்துவிடும்.

அடுத்து ஓட்டத்தின் மூன்று அளவுகள்: அதிகபட்சம், வழக்கமாக ஓடுவது, குறைந்தபட்சம். குறைந்தபட்சத்தைக் கேட்காமல் விடுவது பெரிய தவறு. ஒரு ஆரிஃபிஸ் மீட்டர் நம்பகமாக அளப்பது உச்ச ஓட்டத்திலிருந்து அதன் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு வரைதான். அதற்குக் கீழே ஓடப்போகிறது என்றால் இந்த முறையே பொருந்தாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

திரவத்தின் அடர்த்தி, வெப்பநிலை, லைன் அழுத்தம் ஆகியவையும் தேவை. கருவிகளில் கை பம்ப், அழுத்தக் காலிபிரேட்டர், ஹார்ட் கம்யூனிகேட்டர் (டிரான்ஸ்மிட்டரோடு பேசி அமைப்பை மாற்றும் கையடக்கக் கருவி), மல்டிமீட்டர், டிஜிட்டல் வெர்னியர், ஃபீலர் கேஜ், ஸ்பிரிட் லெவல் ஆகியவை போதும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீராவி லைனில் அது கட்டாயம் வேண்டும்.

2. ரேஞ்சும் துளையும்: கணக்கு

சூத்திரம் இது: ஓட்டம் = டிஸ்சார்ஜ் கோயெஃபிஷியன்ட் × துளையின் பரப்பு × (2 × அழுத்த வித்தியாசம் ÷ அடர்த்தி) என்பதன் வர்க்கமூலம் ÷ (1 − பீட்டா⁴) என்பதன் வர்க்கமூலம். பீட்டா என்பது துளை விட்டத்தைக் குழாய் உள்விட்டத்தால் வகுத்தது. கோயெஃபிஷியன்ட் என்பது உண்மை ஓட்டத்தைக் கோட்பாட்டு ஓட்டத்தால் வகுத்தது. கூர் விளிம்பு ஆரிஃபிஸுக்கு அது 0.6-ஐ ஒட்டியே வரும். துல்லியமான எண்ணை ஐ.எஸ்.ஓ. 5167 என்ற சர்வதேசத் தரநிலையின் சமன்பாட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

நம் லைனில் உச்ச ஓட்டம் மணிக்கு 60 கன மீட்டர். தண்ணீர் 30 டிகிரி, அடர்த்தி கன மீட்டருக்கு 995.7 கிலோ. உச்சத்தில் 2,500 மி.மீ. வாட்டர் காலம் (தண்ணீர் உயரத்தில் சொல்லும் அழுத்தம்) வித்தியாசம் வேண்டும் என்று வைத்தால் துளை சுமார் 67 மி.மீ., பீட்டா 0.655. அதையே 5,000 மி.மீ. என்று வைத்தால் துளை 57.8 மி.மீ., பீட்டா 0.565.

இரண்டில் எது? பெரிய துளை என்றால் அழுத்த இழப்பு குறைவு. ஆனால் தகட்டுக்கு முன் அதிக நேர் நீளம் கேட்கும். சிறிய துளையில் சிக்னல் பெரிது, சிறு பிழைகள் அதில் அமுங்கிவிடும். விலையாக, 5,000-இல் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 3,300 மி.மீ., திரும்பக் கிடைக்காத இழப்பு. 60 கன மீட்டர் ஓட்டத்தில் இது தண்ணீரில் மட்டும் அரை கிலோவாட்டுக்குச் சற்று மேல். பம்பு, மோட்டார் திறனையும் சேர்த்தால் ஒரு கிலோவாட்டை நெருங்கும். இருந்தாலும் போர் தண்ணீர் லைனுக்கு 5,000-ஐயே பரிந்துரைக்கிறோம். குறைந்த ஓட்டத்தில் மீட்டர் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்றால் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பீட்டாவை 0.4-க்கும் 0.65-க்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது. 0.75-க்கு மேல் தரநிலையே அனுமதிப்பதில்லை.

3. இடம்: நேர் நீளம்

வளைவைத் தாண்டி வரும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். அந்தச் சாய்வு அடங்கிய பிறகே தகடு வர வேண்டும். இல்லாவிட்டால் கோயெஃபிஷியன்ட் மாறிவிடும். எவ்வளவு மாறியது என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

ஒரே ஒரு 90 டிகிரி எல்போ முன்னால் இருந்தால், தரநிலை கேட்கும் நீளம் பீட்டா 0.5-க்கு 22 விட்டம், 0.6-க்கு 42 விட்டம். நம் 0.565-க்கு இடைப்பட்டு சுமார் 35 விட்டம், அதாவது 3.6 மீட்டர். தகட்டுக்குப் பின்னால் 7 விட்டம், முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. "முன்னால் பத்து, பின்னால் ஐந்து" என்று வாய்வழியாகச் சுற்றும் கணக்கு இந்தப் பீட்டாவுக்குப் போதாது.

வெவ்வேறு திசையில் திரும்பும் இரண்டு எல்போக்கள் அடுத்தடுத்து இருந்தால் ஓட்டம் சுழலும். அப்போது இந்த நீளமும் போதாது. பாதி திறந்த வால்வு அதைவிட மோசம். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு எப்போதும் தகட்டுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

குழாய் முழுக்க நிறைந்து ஓடும் இடமாகவும் இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் விழும் இறங்கு குழாயில் தண்ணீர் பாதிதான் இருக்கும், மீதி காற்று. அங்கே வைத்த மீட்டர் எதையும் அளக்காது. ஏறு குழாய், அல்லது பம்பை அடுத்த கிடைமட்டக் குழாய் சரியான இடம்.

4. தகடு வந்ததும் பார்க்க வேண்டியவை

தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஃபிட்டர் கையில் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் செலவிடுங்கள்.

துளையை வெர்னியரால் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சம இடைவெளியில் நான்கு விட்டங்களை அளந்து சராசரி எடுங்கள். எந்த ஒன்றும் சராசரியிலிருந்து 0.05 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 57.8 மி.மீ. துளைக்கு அது 0.03 மி.மீ. சாதாரண வெர்னியர் அந்த அளவுக்குத் துல்லியமாகப் படிக்காது. ஆகவே கடைசல்காரரிடம் போர் கேஜ் வைத்து எடுத்த அளவுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். வெர்னியர் அளவு அதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.

விளிம்பு கூராக இருக்க வேண்டும். பிளேடுபோல் கையைக் கிழிக்க வேண்டியதில்லை. விளிம்பின் மேல் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துச் சுற்றிப் பாருங்கள். விளிம்பில் எங்காவது ஒளி வெள்ளிக் கோடாகத் திரும்பி வந்தால் அங்கே மழுங்கியிருக்கிறது. ஒளி திரும்பாவிட்டால் கூர்.

தட்டையா என்பதற்கு ஸ்டீல் ஸ்கேலைத் தகட்டின் குறுக்கே நிறுத்தி, அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அந்தத் தகடு வளைந்தது. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தகடு 3 மி.மீ. தடிமன் என்றால், துளையின் ஒரு பக்கம் 45 டிகிரியில் சரித்துக் கடைந்திருக்கும். துளையின் நேரான பகுதி 100 என்.பி. குழாய்க்கு அரை மி.மீ.-க்கும் 2 மி.மீ.-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

5. தகட்டை மாட்டுவது

வெல்டிங் முழுதும் முடிந்து, லைன் கழுவப்பட்ட பிறகுதான் தகடு உள்ளே போக வேண்டும். அதுவரை அதே தடிமனில் ஒரு வளையத்தை வைத்திருங்கள். முதல் கழுவலில் வரும் வெல்டிங் கசடும் துருவும் புதுத் தகட்டின் விளிம்பை ஒரே நாளில் கெடுத்துவிடும்.

கூர் விளிம்பு ஓட்டம் வரும் பக்கம். சரிவு ஓட்டம் போகும் பக்கம். இதைத் தலைகீழாக மாட்டுவதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய தவறு. அப்படி மாட்டினால் தண்ணீர் சரிவில் வழுக்கி உள்ளே போகும், அழுத்த வித்தியாசம் குறையும், மீட்டர் 10 முதல் 20 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். ரீடிங் ஆடாமல் நிலையாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கைப்பிடியில் எழுத்து பொறித்த பக்கம் ஓட்டம் வரும் பக்கம் என்பது வழக்கம். ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். விரலை விட்டு விளிம்பைத் தொட்டு உறுதி செய்யுங்கள். மாட்டிய பிறகு தெரிவது கைப்பிடி மட்டும்தான். எனவே மாட்டும் முன் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

ஃபிளேஞ்ச் டேப்பிங் (அழுத்தத்தை எடுக்கும் துளை ஃபிளேஞ்சிலேயே இருப்பது) என்றால் தகட்டின் முகத்திலிருந்து டேப்பிங் மையம் வரை இரு பக்கமும் 25.4 மி.மீ. கேஸ்கெட்டின் தடிமனும் இதற்குள் அடக்கம். ஆகவே கடையில் கிடைத்த 3 மி.மீ. ஷீட்டை வெட்டிப் போடாதீர்கள். வரைபடத்தில் சொன்ன தடிமனே போடுங்கள். கேஸ்கெட்டின் உள்வட்டம் குழாய்க்குள் துளிகூட நீட்டக் கூடாது. நீட்டினால் அது இரண்டாவது ஆரிஃபிஸாக வேலை செய்யும்.

தகட்டில் சிறு துளை ஒன்று இருந்தால், திரவ லைனில் அது மேலே வர வேண்டும், காற்று தப்ப. நீராவி, வாயு லைனில் கீழே வர வேண்டும், தண்ணீர் வடிய.

6. டேப்பிங் திசையும் இம்பல்ஸ் லைனும்

நாம் பார்த்தவரை புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நினைவில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றே: டேப்பிங்கிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் இந்த டியூபுக்குள் (இம்பல்ஸ் லைன்) எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது?

தண்ணீர் லைனில் டியூப் முழுக்கத் தண்ணீராக இருக்க வேண்டும், காற்று கூடாது. எனவே டேப்பிங் குழாயின் பக்கவாட்டில். மேலே எடுத்தால் காற்று ஏறும், அடியில் எடுத்தால் சேறு இறங்கும். டிரான்ஸ்மிட்டர் குழாய்க்குக் கீழே. அப்போது டியூபில் சிக்கும் காற்று தானாகவே மேலேறிக் குழாய்க்குத் திரும்பிவிடும்.

வாயு லைனில் நேர்மாறு. டேப்பிங் மேலே, டிரான்ஸ்மிட்டரும் குழாய்க்கு மேலே, ஈரம் வடிந்து குழாய்க்கே திரும்பட்டும் என்று.

நீராவியில் டேப்பிங் பக்கவாட்டில், டிரான்ஸ்மிட்டர் கீழே, இடையில் இரு கன்டன்சேட் பாட். நீராவி பாட்டில் குளிர்ந்து தண்ணீராகி டியூபை நிரப்பி நிற்கும். டிரான்ஸ்மிட்டர் அந்தத் தண்ணீரை மட்டுமே தொடும்.

டியூப் அரை இன்ச் எஸ்.எஸ். 316. சரிவு மீட்டருக்கு 80 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. வழியில் எங்கும் மேடோ பள்ளமோ கூடாது. ஆளை வைத்துக் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள், ஸ்பிரிட் லெவல் வையுங்கள். ஒரு கிளாம்ப் தளர்ந்து டியூப் நடுவில் தொங்கினாலே அடுத்த வளைவில் காற்றுக் குமிழ் உட்கார இடம் கிடைத்துவிடும். நேர் செங்குத்தான டியூபில் 100 மி.மீ. உயரத்துக்குக் காற்று நின்றால் பிழையும் 100 மி.மீ. எல்.பி. பக்கம் (தகட்டுக்குப் பின்னால், அழுத்தம் குறைந்த பக்கம்) நின்றால் ரீடிங் கூடும், ஓட்டமே இல்லாதபோதும் எண் காட்டும். ஹெச்.பி. பக்கம் (தகட்டுக்கு முன்னால், அழுத்தம் கூடிய பக்கம்) நின்றால் ரீடிங் குறையும்.

இரு டியூபும் கைகோத்ததுபோல் ஒன்றாகவே போக வேண்டும். காரணம் வெயில். மேற்குச் சுவரில் ஒரு டியூப் வெயிலிலும் ஒன்று நிழலிலும் போகிறது என்று வையுங்கள். சித்திரை, வைகாசியில் பிற்பகல் நேரம் ஒன்றில் தண்ணீர் 50 டிகிரி, மற்றதில் 30 டிகிரி என்றால், 2 மீட்டர் உயரத்துக்கு எடை வித்தியாசம் 15 மி.மீ. 5,000-இல் 15 என்பது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தில் மொத்த சிக்னலே 50 மி.மீ.தான். அதில் 15 போனால் ஓட்டக் கணக்கில் ஏறக்குறைய 15 சதவீதம் தப்பும். "காலையில் சரியாக இருக்கிறது, மதியம் ஏறிவிடுகிறது" என்ற புகார் வந்தால் முதலில் சுவரைப் பாருங்கள்.

கன்டன்சேட் பாட் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதற்குத்தான் டியூப் லெவல். 10 மி.மீ. உயர வித்தியாசம் அப்படியே 10 மி.மீ. பிழையாக வரும். வெல்டர் கண்மட்டத்தில் வைத்த பாட் அரிதாகவே மட்டமாக இருக்கும்.

மேலூர் பக்கம் கிரானைட் தூசு பறக்கும் இடங்களில் டியூப் வெட்டிய உடனே முனைகளை மூடிவையுங்கள். ஃபெரூல் (டியூபை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) உட்காரும் இடத்தில் ஒரு துகள் இருந்தாலும் கசியும். வெட்டிய டியூபின் உள்பிசிறை எடுத்துவிட்டு, காற்றடித்து ஊதிய பிறகே மாட்டுங்கள். டெஃப்ளான் டேப்பை ஃபெரூல் இணைப்பில் சுற்ற வேண்டாம். அது நூல் இணைப்புக்கு மட்டும். முதல் நூலை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அறுந்த துண்டு டிரான்ஸ்மிட்டரின் வால்வுத் தொகுதியான மேனிஃபோல்டுக்குள் போனால் வால்வு மூடாது.

7. மேனிஃபோல்ட் வால்வு வரிசை

மூன்று வால்வு: ஹெச்.பி., எல்.பி., நடுவில் இரு பக்கத்தையும் இணைக்கும் ஈக்வலைசர். தவறான வரிசையில் திறந்தால் முழு லைன் அழுத்தமும், டிரான்ஸ்மிட்டருக்குள் அழுத்தத்தை உணரும் டயஃப்ரத்தின் ஒரு பக்கம் மட்டும் இறங்கும். இன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் தாங்கும், ஆனால் ஜீரோ (அழுத்த வித்தியாசம் இல்லாதபோது காட்டும் அளவு) நகர்ந்துவிடும்.

இயக்கத்துக்குக் கொண்டுவரும்போது:

ஹெச்.பி., எல்.பி. மூடி, ஈக்வலைசர் திறந்த நிலையில் தொடங்குங்கள். ஹெச்.பி.-யை மெல்லத் திறந்து, டிரான்ஸ்மிட்டரின் இரு பக்க வென்ட்டிலும் காற்று முழுக்கப் போய், நூல்போல் தண்ணீர் வரும் வரை விடுங்கள். வென்ட்டை மூடுங்கள். ஜீரோவைப் பாருங்கள். இப்போது ஈக்வலைசரை மூடுங்கள். கடைசியாக எல்.பி.-யைத் திறங்கள்.

எல்.பி. டியூபில் உள்ள காற்று இந்த வரிசையில் வெளியேறாது. அதற்கு முன்பே அந்த டியூபின் டிரெய்னைத் திறந்து தனியாக வடித்துவிட வேண்டும்.

நிறுத்தும்போது எல்.பி. மூடு, ஈக்வலைசர் திற, ஹெச்.பி. மூடு.

நீராவியில் மூன்று வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. திறந்தால் ஹெச்.பி. பக்கத் தண்ணீர் எல்.பி. வழியே குழாய்க்குத் தள்ளப்பட்டு, பின்னாலேயே நீராவி நேராக டிரான்ஸ்மிட்டரை வந்தடையும். சென்சார் போய்விடலாம். புது நீராவி லைனில் பாட்டுகளின் மேல் பிளக்கைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி டியூபை நிரப்புங்கள். லைனில் அழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். தானாகக் குளிர்ந்து நிரம்பட்டும் என்று விட்டால், நிரம்பும் வரை டிரான்ஸ்மிட்டர் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும்.

8. ஜீரோ

ஜீரோவை லைன் அழுத்தத்தில் பார்க்க வேண்டும்: எல்.பி. மூடி, ஈக்வலைசர் திறந்து, ஹெச்.பி. திறந்து. இரு பக்கமும் ஒரே அழுத்தம். வெளியீடு 4.00 மில்லி ஆம்பியர் (4 என்றால் ஓட்டம் இல்லை, 20 என்றால் உச்ச ஓட்டம்). விலகினால் இந்த நிலையில்தான் ஜீரோ டிரிம்.

"பம்பை நிறுத்திவிட்டேன், ஓட்டம் இல்லை, அதனால் ஜீரோ அடித்தேன்" என்பது தவறு. செக் வால்வு கசிந்தால் தண்ணீர் திரும்பி ஓடிக்கொண்டிருக்கும். டியூபில் காற்று இருந்தாலும் அந்தப் பிழையை ஜீரோவாக மாற்றிவிடுவீர்கள். நாளை காற்று வெளியேறியதும் ரீடிங் எதிர்ப்பக்கம் தாவும்.

டிரான்ஸ்மிட்டரை மேஜையில் ஜீரோ செய்து, பிறகு குழாயில் சாய்த்து மாட்டினாலும் ஜீரோ நகரும். மாட்டிய நிலையிலேயே ஒருமுறை பாருங்கள்.

9. வர்க்கமூலம்: ஒரே ஒரு இடத்தில்

அழுத்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே ஓட்டமாகக் காட்ட வேண்டுமானால் யாராவது ஒருவர் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரும் எடுக்கும், பி.எல்.சி.-யும் எடுக்கும். இருவரும் எடுத்தாலும் தப்பு, இருவரும் எடுக்காவிட்டாலும் தப்பு.

நம் லைனில் எண்கள் இப்படி இருக்க வேண்டும்:

மணிக்கு 15 கன மீட்டர் ஓடும்போது 312.5 மி.மீ. வர்க்கமூலம் இல்லாத வெளியீடு 5 மில்லி ஆம்பியர், எடுத்தால் 8.

30 கன மீட்டருக்கு 1,250 மி.மீ. இல்லாமல் 8, எடுத்தால் 12.

45 கன மீட்டருக்கு 2,812.5 மி.மீ. இல்லாமல் 13, எடுத்தால் 16.

60 கன மீட்டருக்கு 5,000 மி.மீ. இரண்டிலும் 20.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஜீரோவிலும் முழு ஓட்டத்திலும் எல்லாமே பொருந்திவிடும். பல இடங்களில் லூப் செக் (டிரான்ஸ்மிட்டர் முதல் திரை வரையிலான சிக்னல் சோதனை) செய்பவர் 4-ம் 20-ம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுகிறார். பிழை நடுவில்தான் ஒளிந்திருக்கும். 30 கன மீட்டர் ஓடும்போது இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் திரை 42.4 காட்டும். ஒருமுறையும் எடுக்காவிட்டால் 15 காட்டும்.

ஆகவே கை பம்பை ஹெச்.பி. பக்கம் இணைத்து, எல்.பி.-யைத் திறந்த காற்றில் விட்டு, 1,250 மி.மீ. கொடுங்கள். கட்டுப்பாட்டு அறைத் திரை 30 காட்ட வேண்டும். இந்த ஒரு புள்ளி சரியானால்தான் லூப் செக் முடிந்ததாக அர்த்தம்.

டிரான்ஸ்மிட்டரில் எடுப்பதையே பரிந்துரைக்கிறோம். அதன் உள்ளூர்த் திரையும் கட்டுப்பாட்டு அறைத் திரையும் ஒரே எண்ணைக் காட்டும், ஆபரேட்டர் குழம்பமாட்டார். எங்கே எடுக்கிறது என்பதை டேக் பிளேட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து டிரான்ஸ்மிட்டரை மாற்றுபவருக்கு அது தெரிந்திருக்காது.

ஹார்ட் கம்யூனிகேட்டர் பேசாவிட்டால், லூப்பில் 250 ஓம் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

10. நீராவி என்றால்: அடர்த்தித் திருத்தம்

நீராவியின் அடர்த்தி அழுத்தத்தோடு மாறும். மீட்டர் 7 பார் கேஜ் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்றால், தெவிட்டிய நீராவி அடர்த்தி கன மீட்டருக்கு 4.16 கிலோ. பாய்லர் அழுத்தம் 6 பாருக்கு இறங்கினால் 3.66. அப்போது திருத்தம் இல்லாத மீட்டர் உண்மையைவிடச் சுமார் 6.6 சதவீதம் கூட்டிக் காட்டும். விறகு, நிலக்கரிக் கணக்கை இந்த எண்ணை வைத்துப் போடும் ஆலைக்கு இது சின்ன விஷயமல்ல.

அழுத்த டிரான்ஸ்மிட்டர் ஒன்றைச் சேர்த்து பி.எல்.சி.-யில் திருத்துங்கள். கணக்கில் முழுமை அழுத்தம் (கேஜ் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டியது) போக வேண்டும், கேஜ் அழுத்தம் அல்ல. கேஜ் எண்ணை அப்படியே போடுவது அடிக்கடி காணும் தவறு.

11. தொட்டி வைத்துச் சரிபார்த்தல்

தண்ணீர் லைனுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. 3 மீட்டருக்கு 4 மீட்டர் தொட்டி என்றால் பரப்பு 12 சதுர மீட்டர். 60 கன மீட்டர் ஓட்டத்தில் 10 நிமிடத்தில் மட்டம் 833 மி.மீ. ஏற வேண்டும். 30-இல் 20 நிமிடத்துக்கு அதே ஏற்றம். வெளியே போகும் வால்வுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். உள்ளே தூண் இருந்தால் அதன் பரப்பைக் கழியுங்கள். அலை அடங்கிய பிறகு அளவுகோலால் எடுங்கள்.

இரு ஓட்டத்திலும் ஒரே சதவீதம் தப்பினால் சந்தேகம் தகட்டின் மேல் அல்லது உள்விட்டத்தின் மேல். குறைந்த ஓட்டத்தில் மட்டும் அதிகம் தப்பினால் ஜீரோ, காற்று, வெயில். பாதி ஓட்டத்தில் பெரிதாகத் தப்பினால் வர்க்கமூலம்.

பிஸ்டன் பம்பு லைனில் ஓட்டம் துடித்துத் துடித்து வரும். அங்கே மீட்டர் எப்போதும் கூட்டித்தான் காட்டும், ஏனென்றால் சராசரி வித்தியாசத்தின் வர்க்கமூலம் சராசரி ஓட்டத்தைவிடப் பெரிது. ஆட்டத்தை அடக்கும் டேம்பிங் அமைப்பைக் கூட்டினால் எண் ஆடாமல் நிற்கும், பிழை போகாது.

12. சில மாதம் கழித்து ரீடிங் சரிந்தால்

ஹெச்.பி. பக்கம் கசிந்தால் ரீடிங் குறையும். எல்.பி. பக்கம் கசிந்தால் கூடும். ஈக்வலைசர் முழுக்க மூடாவிட்டால் குறையும். இவற்றில் முதல் இரண்டையும் சோப்பு நீரும் கண்ணும் வைத்தே பிடித்துவிடலாம். எண் உறைந்து நின்றால், அதாவது வால்வைத் திறந்து மூடியும் அசையாவிட்டால், டியூப் அடைத்திருக்கிறது.

மதுரைப் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. டேப்பிங் துளையிலும் தகட்டிலும் சுண்ணாம்பு படியும். துளையைச் சுற்றி 0.3 மி.மீ. படிந்தாலே விட்டம் ஒரு சதவீதம் சுருங்கி, ரீடிங் இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மணல் வரும் போரில் விளிம்பு தேய்ந்து மழுங்கி, ரீடிங் குறையும். ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, இரண்டும் சேர்ந்து சில காலம் சரியான எண்ணையே காட்டவும் கூடும். அதனால் ரீடிங் நன்றாக இருக்கிறதே என்று தகட்டைக் கழற்றாமல் விடக் கூடாது. முதல் வருடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். படிவு வரும் வேகத்தைப் பார்த்து இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

சுத்தம் செய்ய உப்புத்தாளோ வயர் பிரஷோ வேண்டாம். விளிம்பு போய்விடும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டும் வேண்டாம். அது எஸ்.எஸ்.-ஐக் குழி குழியாக அரிக்கும். வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். உலர்ந்ததும் மீண்டும் டார்ச், வெர்னியர், நான்கு விட்டம். புது அளவு பழைய அளவிலிருந்து மாறியிருந்தால் டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சைத் தொட வேண்டாம், தகட்டை மாற்றுங்கள். புதுத் தகட்டின் துளை அளவைக் கைப்பிடியிலும், மீட்டர் கோப்பிலும், பி.எல்.சி. குறிப்பிலும் ஒரே நாளில் எழுதிவிடுங்கள்.